கழற்ற முடியாத சொற்கள்

1

என் மகள் ரீனாவின் பேச்சுக் கருவியை இயக்கியதும் திரை கொஞ்ச நேரம் கருப்பாகவே நிற்கும். பிறகு ஒரு வெள்ளை வட்டம் சுற்றும். அதன் பிறகுதான் சொற்கட்டங்கள் வரும். இந்த ஒரு வருடமாக, அந்தக் கருப்பு போகும்வரை நான் திரையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. காப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறேன். என் மனைவி பிரேமா பார்த்தும் பார்க்காதது மாதிரி ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவாள். வட்டம் சுற்றத் தொடங்கியதும் இருவருமே மூச்சு விடுவோம். அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

பாறசாலைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் போனில் கூப்பிடும்போதெல்லாம், போன வருடம் என் அக்கா லில்லியின் வீட்டில் உண்மையில் என்னதான் நடந்தது என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு கதை கேட்டிருக்கிறார்கள். ரீனாவுக்குப் பேய் பிடித்தது என்றுகூட ஒருவர் சொன்னாராம். அதனால் இதை எழுதுகிறேன். இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. போன திங்கட்கிழமை கருவியைக் கொடுத்த இங்குள்ள மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதமும் வந்தது. இரண்டும் சேர்ந்து தூக்கத்தைக் கெடுத்துவிட்டன.

எங்களைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஜஸ்டின், கேரள எல்லையோரம் உதியன்குளங்கரையில் பிறந்தவன். பிரேமா பாறசாலை. அவள் நர்ஸ் வேலைக்கு ஜெர்மனிக்கு வந்தாள். நான் பின்னால் வந்தேன். எல்பே ஆற்றங்கரையில் ஒரு நகரத்தில் இருக்கிறோம். ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறேன். எங்களுக்கு ஒரே மகள் ரீனா, பதினாறு வயது. பிறந்தபோதே மூளைக்குக் காற்று போகாமல் கைகால்களும் நாக்கும் அவள் சொன்னபடி கேட்காமல் ஆகிவிட்டன. அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளியில் கணக்கில் அவள்தான் முதல். ஆனால் வாயால் ஒரு சொல் வராது. சத்தம் மட்டும் வரும்.

அவளுக்குப் பேச்சு என்றால் அந்தக் கருவிதான். ஒரு பெரிய டேப்லெட் மாதிரி இருக்கும், சக்கர நாற்காலியின் முன்னால் ஒரு கம்பியில் நிற்கும். அடியில் ஒரு கேமரா அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும். திரையில் உள்ள சொல்லை அவள் உற்றுப் பார்த்தால் அது பேசும். கருவி இல்லாதபோது எங்களிடம் இரண்டே சொற்கள்தான் உண்டு. கண்ணை மேலே தூக்கினால் ஆமாம். கண்ணை மூடினால் இல்லை.

2

முதல் கருவி அவளுக்கு ஆறு வயதில் வந்தது. கனமான பெட்டி. பின்னால் இரண்டு திருகில் ஒரு சின்னக் கதவு. ஒரு முறை அது செத்துப்போனது. நாங்கள் அழாத குறையாக உட்கார்ந்திருக்க, கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து கதவைத் திறந்து, உள்ளே இருந்து நாக்கு போலத் தட்டையான ஒரு நினைவகத் துண்டை உருவி, அதே மாதிரியான இன்னொரு பெட்டியில் செருகினாள். தேநீர் ஆறுவதற்குள் ரீனா பேசிவிட்டாள். "நன்றி. உங்கள் காலணி அழகாக இருக்கிறது" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

அந்தத் துண்டுக்குள் என்ன இருந்தது என்பதை ஊரில் உள்ளவர்களுக்குச் சொன்னால்தான் மற்றது புரியும். கருவியின் குரல் ஒரு ஜெர்மன் பெண்ணின் குரல். தமிழ் அதற்குத் தெரியாது. தமிழ்ச் சொல்லை ஜெர்மன் எழுத்தில் எழுதிக் கொடுத்தால், அது தன் வழக்கப்படி வாசித்து வைக்கும். V என்ற எழுத்தை அது 'ஃப' என்று படிக்கும். அதனால் ரீனா முதன்முதலில் சொன்ன 'வாறேன்', 'ஃபாறேன்' ஆகிவிட்டது. W போட்டு எழுத்தை மாற்றினேன். இப்போது அது 'இருந்தார்கள்' என்று பொருள்படும் ஒரு ஜெர்மன் சொல்லாகக் கேட்டது. பள்ளி வண்டியில் ஏறும்போது அவள் தினமும் "இருந்தார்கள், இருந்தார்கள்" என்று சொல்வதாக ஆசிரியை கவலைப்பட்டு எங்களுக்கு எழுதினார். 'சும்மா'வுக்கு நாலு எழுத்து கூடுதலாகச் சேர்த்து 'ச்சும்மா' வரை கொண்டு வந்தோம். அப்படி ஒவ்வொரு சொல்லாக, ஞாயிற்றுக்கிழமைகளில், நான் எழுத்தை மாற்றிப் போட, குரல் வாசிக்க, ரீனா கண்ணை மூடி வேண்டாம் என்று சொல்ல, மறுபடியும் மாற்றுவேன். அவளுக்குப் பத்து வயது ஆகும்போது அந்த ஜெர்மன்காரி எங்கள் ஊர்ப் பேச்சை ஏறக்குறைய பேசினாள். லில்லி அக்கா போனில் கேட்டுவிட்டு, "இவ என்னடே, பாறசாலை சந்தைக்கு மீன் வாங்கப் போன மதாம்மை மாதிரி பேசுதா" என்று சிரித்தாள். மதாம்மை என்றால் எங்கள் ஊரில் வெள்ளைக்காரப் பெண்.

பதினோரு வயதில் புதிய கருவி வந்தது. மெல்லியது, எடை குறைவு. கதவு இல்லை, திருகு இல்லை. ரீனாவின் வாயிலிருந்து எச்சில் வடியும், சூப் சிந்தும். பழைய பெட்டியின் கதவிடுக்கில் ஒரு முறை சூப் இறங்கி நாறிவிட்டது. புதியதைக் குழாயடியில் காட்டிக் கழுவலாம். நான்தான் ரொம்பவும் சந்தோஷப்பட்டேன். சொற்களையெல்லாம் அவர்களே மாற்றிக் கொடுத்தார்கள். அன்று நான் ஒரு பிரதி எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டு வைத்தேன். அதுதான் நான் எடுத்த கடைசிப் பிரதி.

ஏன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். பதின்மூன்று வயதில் ரீனா கருவிக்குக் கடவுச்சொல் போட்டாள். நான் பிரதி எடுக்கப் போனபோது அது ஜெர்மனில் சொன்னது: "அப்பா, இது என் தலைக்குள் இருப்பது. உங்கள் தலைக்குள் இருப்பதை நான் நகல் எடுக்கிறேனா?" அதில் அவள் தோழிகளோடு பேசியது உண்டு, எங்களைப் பற்றித் திட்டியது உண்டு, ஒரு பையனைப் பற்றியும் உண்டு என்று பிரேமாவுக்கு ஒரு சந்தேகம். கருவி செய்த நிறுவனத்தின் இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்பவும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கதவைச் சாத்திக்கொள்ளக் கை இல்லாத பிள்ளைக்குச் சாத்த முடிந்த ஒரே கதவு அது. நாங்கள் விட்டுவிட்டோம். தமிழ்ச் சொற்களைச் சேர்க்க ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடுவதும் மெல்ல மெல்ல நின்றது. அவளே சேர்த்துக்கொண்டாள் என்று பிறகுதான் தெரிந்தது.

3

போன அக்டோபர் பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். லில்லி அக்கா வீடு உதியன்குளங்கரையில் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. அக்காவின் கணவர் தங்கராஜ் அத்தான். தனுவச்சபுரத்தில் கல்லூரிக்குப் போகும் வழியில் போட்டோஸ்டாட், டைப்பிங், பிரின்ட் கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் பஸ் இறங்கியதும் பிராஜெக்டோடு அவர் கடைக்குத்தான் ஓடுவார்கள். அங்கே இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவரைப் போலவே பழையவை. பெட்டியின் பக்கத்து மூடி ஒன்றிலும் கிடையாது. ஒன்று மெதுவானால் இன்னொன்றிலிருந்து மெமரியைக் கழற்றிப் போடுவார்.

வந்த அன்றே ரீனாவின் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எங்கோடிடே திறக்குது?"

"திறக்க முடியாது அத்தான். எல்லாம் போர்டிலயே பத்த வச்சது. அதனாலதான் தண்ணி ஏறாது."

"மெமரியுமா? டிஸ்க்குமா?"

"எல்லாந்தான்."

"அப்போ போர்டு போனா?"

"போகாது அத்தான். இது கடை கம்ப்யூட்டர் மாதிரி இல்ல. நல்ல சாதனமாக்கும்."

"எலே, எல்லா சாதனமும் போகும். நல்லதும் போகும். சீத்தையும் போகும். போச்சுன்னா உள்ள கிடக்கப்பட்டத ஊரி எடுக்க முடியணும். அதாக்கும் காரியம்."

ரீனா இடையில் புகுந்தாள். அந்த மதாம்மைக் குரலில், "மாமா, உங்க கடை கம்ப்யூட்டர்ல சூப்பு ஊத்தட்டா?" என்றது கருவி.

அத்தானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஊத்து மக்கா, ஊத்து. நான் தொடச்சு எடுத்து வேற போடுவேன்" என்றார். அந்த வாக்கியம் நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. 'ஊத்தட்டா' என்ற சொல் அந்தக் குரலில் அவ்வளவு சரியாக வந்தது. எனக்குத் தெரியாமல் எத்தனை நாள் உட்கார்ந்து எழுத்தை மாற்றி மாற்றிப் பார்த்திருப்பாள்? அவர்கள் இருவரும் அந்த நாட்களில் மணிக்கணக்காகப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் இருவரும் சொல்லமாட்டார்கள்.

துலாவர்ஷ மழை, அதாவது ஐப்பசி மழை, உங்களுக்குத் தெரியும். மத்தியானம் வரை வெயில் கொளுத்தும், சாயங்காலம் இடியும் மின்னலுமாக இறங்கும். ஜெர்மனிக்கு வந்து பல வருடம் ஆனதில், மின்னல் வெட்டினால் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்ற பழக்கம் எனக்குப் போய்விட்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை கருவி சார்ஜில் கிடந்தது. வீட்டின் மேலேயே விழுந்தது போல ஒரு இடி. மின்விளக்குகள் ஒரு முறை வெள்ளையாகப் பொங்கி அணைந்தன. கரிந்த பிளாஸ்டிக் வாசனை வந்தது.

அத்தான் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினார். பொத்தானை அழுத்தினோம். கருப்பு. பிடித்துக்கொண்டே இருந்தோம். கருப்பு.

ரீனா என்னைப் பார்த்தாள். பிறகு கருவியைப் பார்த்தாள். எப்போதும் சொல் இருக்கும் இடங்களை ஒவ்வொன்றாக, அந்தக் கருப்பிலேயே, கண்ணால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

4

மறுநாள் ஞாயிறு. அதிகாலையிலேயே சர்ச்சுக்குப் போய் வந்தோம். மத்தியானம் மழை தொடங்கியபோது ரீனா ஹாலில் நாற்காலியில் இருந்தாள். முன்னறையில் கதவு திறந்து கிடக்க, அத்தான் ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து கரிந்த சார்ஜரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நானும் பிரேமாவும் அக்காவோடு அடுக்களையில் இருந்தோம்.

ரீனா கத்தினாள்.

அவள் சத்தங்கள் எனக்குத் தெரியும். பசிக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று. இது எனக்குத் தெரியாத சத்தம். ஓடினோம். அவள் உடம்பு முழுக்க வில்லாக வளைந்து, கழுத்து நரம்பு புடைத்து நின்றது. வெளியே மழை இரைந்துகொண்டிருந்தது.

பிரேமா அவள் முன்னால் குனிந்து கேட்கத் தொடங்கினாள். "வலிக்குதா?" கண்ணை மூடினாள். இல்லை. "வயிறா?" இல்லை. "பல்லா? தலையா? மூத்திரம் போகணுமா? ஏதாவது கடிச்சுதா?" இல்லை, இல்லை, இல்லை. "அந்த நாளா?" இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் சத்தம் கூடியது. எங்கள் மூன்று பேர் தலைகளுக்கு இடையே எதையோ பார்ப்பது போலக் கண்ணை ஓட்டினாள். நாங்கள் மூவரும் அவளைச் சுற்றிச் சுவர் மாதிரி நின்றுகொண்டிருந்தோம்.

"கருவி போச்சுன்னு அழுறியா மக்களே?" என்று நான் கேட்டேன். அவள் கண்ணை மூடின வேகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. என்னை ஓங்கி அறைந்தது மாதிரி இருந்தது.

அக்கா முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அத்தான் நாற்காலியில் தலை சாய்ந்து இருந்தார். "சாஞ்சு உறங்குதாரு. இந்தச் சத்தத்திலெயும் உறங்க முடியுதே" என்று சொல்லிவிட்டு, அவர் தூக்கம் கெட வேண்டாம் என்று அந்தக் கதவை மெல்லச் சாத்தினாள்.

அப்போது ரீனா எழுப்பிய சத்தத்தை என்னால் எழுத முடியாது.

பிரேமா என்னைப் பார்த்தாள். வருடக்கணக்காக ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள், அவள் முகத்தில் நான் அவ்வளவு பயத்தைப் பார்த்ததில்லை. "இது வலிப்புக்கு முன்னால வர்றதா இருக்கும். நெய்யாற்றின்கரைக்குக் கொண்டு போவோம். அத்தான எழுப்பு, காரு எடுக்கட்டும்" என்றாள்.

நான் போய்க் கதவைத் திறந்தேன். "அத்தான்" என்றேன். அவர் கண் திறந்துதான் இருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்து, எச்சில் சட்டையில் வடிந்திருந்தது. இடது கை நாற்காலிக்கு வெளியே, யாருடையதோ போல, தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல முயன்றார். சொல்லாக வரவில்லை.

நான் கூப்பிட்டேனோ என்னவோ, பிரேமா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஒரே பார்வை. "ஸ்ட்ரோக்" என்றாள்.

அதே நிமிடம் ஹாலில் சத்தம் நின்றது. மழை மட்டும் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். ரீனா தளர்ந்து நாற்காலியில் சரிந்திருந்தாள். கண் மேலே தூக்கியபடி இருந்தது. ஆமாம், ஆமாம், ஆமாம்.

காரை நான்தான் ஓட்டினேன். பக்கத்து வீட்டு மனிதர் தன் ஆட்டோவில் முன்னால் போய் ஹார்ன் அடித்து வழி ஒதுக்கினார். நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்த டாக்டர், இளம் வயசு, மலையாளத்தில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். எப்போழ் துடங்ஙி? எப்போது தொடங்கியது? இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. தொடங்கி அதிக நேரம் ஆகியிருந்தால் கொடுக்க முடியாது, கொடுத்தால் மூளைக்குள் இரத்தம் கசியலாம். கடைசியாக அவரைச் சுகமாகப் பார்த்தது யார்?

அக்கா அழுதாள். சர்ச்சிலிருந்து வந்து சாயா கொடுத்ததுதான் அவளுக்கு நினைவிருந்தது. அப்படிப் பார்த்தால் நேரம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர்.

பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். அவளைக் காரின் பின்சீட்டில் பிரேமாவின் மடியில் சாய்த்துக் கொண்டு வந்திருந்தோம், தனியாக விட முடியாமல். பிரேமா வெளியே ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். கார்க் கதவைத் திறந்து, மழையில் நனைந்துகொண்டே, அவள் கேட்டாள்.

"ரீனா, அம்மாவப் பாரு. மாமாவுக்கு இது ஆனதை நீ பாத்தியா?"

ஆமாம்.

"நீ கத்தினதுக்கு ரொம்ப முன்னாலயா?"

இல்லை.

"ஒடனேயா?"

ஆமாம்.

"மழை தொடங்கினதுக்கு அப்புறமா?"

ஆமாம்.

"அதுக்கு முன்னால மாமா நல்லா இருந்தாரா? கையசைச்சு வேலை செஞ்சிட்டு இருந்தாரா?"

ஆமாம். கண்ணை மேலேயே நிறுத்தி வைத்திருந்தாள், எங்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்க.

பிரேமா உள்ளே போய்ச் சொன்னபோது டாக்டர் தயங்கினார். "ஆ குட்டிக்கு... மனசிலாவுமோ?" என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்குப் புரியுமா என்று. பிரேமா ஒரு மாதிரியான குரலில், "டாக்டர், நான் நர்ஸ். அவளுக்கு நம்மைவிட நன்றாக மனசிலாவும்" என்றாள். டாக்டர் தானே காருக்கு வந்து ரீனாவைப் பார்த்து, அதே கேள்விகளை மலையாளத்தில் கேட்டார். அவளுக்கு மலையாளம் கொஞ்சம்தான் தெரியும். நான் தமிழில் சொன்னேன். பதில் மாறவில்லை. அவர் திரும்பி உள்ளே ஓடினார்.

மருந்து ஏறியது. நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அப்போது இருந்தது அத்தானைப் பற்றிய பயம் மட்டும் இல்லை. அவள் முன்னால் நின்று நாங்கள் கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் திரும்பி வந்தது. உனக்கு வலிக்குதா, உனக்குப் பசிக்குதா, உனக்கு என்ன. வேறொருவருக்கு ஏதாவதா என்று எங்களில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கருவி இருந்திருந்தால் அவளுக்கு இரண்டு சொல் போதும். மாமாவைப் பாருங்கள். எத்தனை முறை இப்படி எங்கள் கண் முன்னால் ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டு, சொல்ல முடியாமல் அவள் இருந்திருப்பாள், இனி எத்தனை முறை இருப்பாள்?

5

அத்தான் பிழைத்தார். கால் திரும்பி வந்தது, பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இடது கை இன்னும் வரவில்லை.

ரீனா பேசுவதற்காக பிரேமா ஒரு அட்டையில் ஜெர்மன் எழுத்துக்களை வரிசையாக எழுதினாள். முதல் வரியா, இரண்டாம் வரியா என்று கேட்டு, பிறகு எழுத்து எழுத்தாகக் கேட்டு, ஒரு சொல் வருவதற்குள் எல்லாரும் களைத்துப் போவோம். ஆனாலும் அது சொல்.

காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கருவி அவர்களுடையது, எங்களுடையது அல்ல. போனை எடுத்த அம்மாள் மிக மரியாதையாகப் பேசினார். ஐரோப்பாவுக்கு வெளியே கொண்டு போவதற்கு முன் தெரிவித்தீர்களா? திறக்கக் கூடாது. அனுப்பி வைத்தால் புதியது வரும். பழையது தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அழிக்கப்படும்.

"அதுக்குள்ள என் மகளோட பேச்சு இருக்கு" என்றேன், ஜெர்மனில். பதற்றத்தில் 'பேச்சு' என்பதற்குப் பதிலாக 'மொழிபெயர்ப்பாளர்' என்று பொருள்படும் சொல்லைச் சொல்லிவிட்டேன். உள்ளே மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரா என்று அந்த அம்மாள் குழம்பிப் போனார்.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஷீபா என்ற பெண் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். அத்தானுக்குப் பழக்கம். திறப்பதா வேண்டாமா என்று எனக்கும் பிரேமாவுக்கும் சண்டை. திறந்தால் அலுவலகத்தோடு வழக்கு, திறக்காவிட்டால் எல்லாம் அழிப்பார்கள். கடைசியில் அட்டையை எடுத்துக்கொண்டு ரீனாவிடம் போனோம். அவள் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். திறக்கலாம். பிறகு நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். ஆனால் படிக்கக் கூடாது.

ஷீபா சூடு காட்டி, பிளேடு விட்டு, ஒட்டுப் பிசினைக் கிழித்துத் திறந்தாள். உள்ளே போர்டில் ஒரு மூலை கருகியிருந்தது. விரல் நகம் அளவு ஒரு கருப்புச் சில்லைக் காட்டினாள்.

"இதாணு சேட்டா ஸ்டோரேஜ். இதுக்கு ஒண்ணும் பற்றியிட்டில்ல. உள்ள இருக்கது எல்லாம் அப்படியே உண்டு."

"அப்போ எடுத்துரலாமா?"

"இது தனியா ஒரு துண்டா இருந்தா இப்பமே ஊரி வேற மிஷின்ல போட்டு எடுத்து தந்திருப்பேன். இது போர்டோட பத்த வச்சது. இளக்கி எடுத்தாலும் காரியம் இல்ல. இதோட பூட்டு இந்தப் பக்கம் வேற சிப்பில. பூட்டு இருக்கப்பட்ட போர்டு ஜீவன் வச்சாத்தான் இது வாய் திறக்கும். உள்ள எல்லாம் உண்டு. வெளிய வரத்தான் வழியில்ல."

பிரேமா எழுந்து கடைக்கு வெளியே போய்விட்டாள்.

ஷீபா அந்த வாரம் முழுவதும் முயன்றாள். கருகிய பாகங்களை மாற்றினாள். ஒரு மத்தியானம் போனில் கூப்பிட்டாள், வந்துவிட்டது என்று. நாங்கள் ரீனாவையும் கூட்டிக்கொண்டு ஓடினோம். திரையில் வெள்ளை வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ரீனா சிரித்தாள். வட்டம் நின்றது. திரை கருத்தது. பிறகு எத்தனை முறை முயன்றும் அது வரவேயில்லை.

6

ஜெர்மனிக்குத் திரும்பி வந்து பல வாரம் கழித்துப் புதிய கருவி வந்தது. அதே மாதிரி. கதவில்லாதது. என்னிடம் இருந்த பழைய பிரதியைப் போட்டோம். அது பேசியது, பதினோரு வயதுக் குழந்தையாக. எனக்குப் பொம்மை வேண்டும், பெரிய மனுஷங்க பேச்சு போர், சாக்லேட் கேக். ரீனா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். திறக்கவே இல்லை. அந்தப் பிரதியை எடுத்துவிட்டு வெறும் கருவியை வைத்தோம். அதில் கம்பெனிக்காரர்கள் வைத்த வாக்கியங்கள் மட்டும். எனக்கு வலிக்கிறது. எனக்குத் தாகம். எனக்குக் கழிவறை. எல்லாமே எனக்கு, எனக்கு.

அவள் முதலில் சேர்த்த கட்டம் முகப்பின் நடுவில் இருக்கிறது. தமிழில். "எனக்கில்ல. வேற ஆளுக்கு." இப்போது வாரா வாரம் பிரதி எடுக்கிறோம். அவளே பூட்டுப் போட்ட ஒரு பென்டிரைவில், அதை அவள் அறையிலேயே வைக்கிறோம். நான் திறந்து பார்ப்பதில்லை. 'ஊத்தட்டா' இன்னும் சரியாக வரவில்லை. எப்படி எழுதியிருந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

கதவுள்ள கருவி வேண்டும் என்று அவள் அலுவலகத்துக்குத் தானே எழுதினாள். திங்கட்கிழமை வந்தது அதற்குப் பதில்தான். அங்கீகரித்த கருவிகள் எல்லாம் மூடிய வகைதான், தண்ணீர் ஏறாது, கிருமி தங்காது, பயனாளியின் பாதுகாப்பே முக்கியம், வருந்துகிறோம். அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. சூப் இறங்கிய கதை எனக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் ஏறாமல் ஒரு கதவு செய்ய முடியாதா? எது கரிந்துபோகுமோ அதோடு எது போகக் கூடாதோ அதைச் சேர்த்துப் பற்றவைத்துவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பேர் வைத்தால் நான் எப்படித் தூங்குவது? ரீனா மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறாள். கண்ணால் எழுதுவதால் மெதுவாகப் போகிறது.

நேற்று அத்தான் வீடியோவில் வந்தார். கடைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார், ஒற்றைக் கையோடு. மெமரியைச் செருக ஒரு ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறதாம். நான் கடிதத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை, ரீனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மக்கா, அண்ணு நடந்தத நான் இதுவரை ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல" என்றார். இன்னும் சொற்கள் கொஞ்சம் குழறித்தான் வருகின்றன. "நீ கத்தினது எனக்காக்கும்னு எனக்குத் தெரியும். கை விழுந்த ஒடனே நான் ஒன்னத்தான் பாத்தேன். கூப்பிடணும்னு பாத்தேன், வாய் வரல்ல. நீ என்னைப் பாத்துக் கத்துன. இவங்க எல்லாரும் எடையில நிண்ணு ஒன்ட்ட வயிறு வலிக்குதா, பல்லு வலிக்குதான்னு கேக்குதது எனக்கு நல்லாக் கேட்டுது. பெறவு கதவையும் சாத்திட்டாவ."

அக்கா பின்னால் எங்கோ நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரீனாவின் கண் திரையில் ஓடியது. பயத்துக்கு எங்கள் ஊரில் சொல்லும் அந்தச் சொல் அவளுக்கு இன்னும் கட்டமாக இல்லை. எழுத்தாகத் தேடி, ஒன்று தவறி, அழித்து, மறுபடி சேர்த்தாள். அத்தான் காத்திருந்தார். கருவி பேசியது.

"மாமா, நான் பேடிச்சு போயிட்டேன்."

"நானும்தான் மக்கா" என்றார் அவர்.